டோமினிக் கிட்டாரை உடைக்கவில்லை

நான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்கு நின்ற கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஜாபர் கூப்பிட்டான். "ராசு, டோமினிக் போயிட்டான்டா" என்றான். "எங்க?" என்று கேட்டேன். வாசலில் ஒரு டிராக்டர் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுபடியும் கேட்டேன். "எங்கடா போயிட்டான்?" அப்போதுதான் ஜாபர் அழுவது கேட்டது.

வேடசந்தூர் மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு மில் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். வழியில் தலை சாய்ந்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிறான் என்று நினைத்து, அலுங்காமல் அவன் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். இறங்க வேண்டிய இடம் வந்து தட்டி எழுப்பியபோதுதான் தெரிந்திருக்கிறது. "அந்த பஸ்ஸுல எல்லாருமே தூங்குவோம் சார். நான் எப்படி சார் கண்டேன்?" என்று அந்த மனிதர் அடக்கத்தன்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் ஷிப்டு முடித்து வந்தவர்தான். டோமினிக்குக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் என் பின்னால் இரண்டு இளவட்டங்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். "ஏலே, இவருதான்டா அந்தக் காலத்துல மேடையிலயே கிட்டாரை அடிச்சு நொறுக்குனவரு. அதுலதான் விரலு போச்சு." மற்றவன் எட்டி, பெட்டிக்குள் கிடந்தவனின் கையைப் பார்க்க முயன்றான். ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்ததால் விரல்கள் தெரியவில்லை. திரும்பி அந்தப் பையன்களிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். தெம்பில்லை. ஏறக்குறைய பதினைந்து வருடமாக இதே கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. அவனுக்கு என்னைவிட எவ்வளவோ முன்பே அலுத்துவிட்டது.

அவனை அறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதைதான் டோமினிக். அது உண்மையில்லை என்று தெரிந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்: டோமினிக், ஜாபர், நான், பிறகு மைக்செட் செல்லையா அண்ணன். அண்ணன் இருக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது டோமினிக் எங்களிடம் வாங்கிய சத்தியம். அண்ணன் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போது சத்தியம் வாங்கியவனும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மூவரும் திண்டுக்கல்லில் ஒரே கல்லூரியில் படித்தோம். டோமினிக் ஆங்கில ஆசிரியர் அமலதாஸ் சாரின் ஒரே மகன். ஜாபருக்கு பேகம்பூர். நான் சித்தையன்கோட்டைப் பக்கம், வெங்காயமும் அவரைக்காயும் போடுகிற குடும்பம். பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா மகன் ஒருவன் ஒருமுறை டோமினிக்குக்குச் சில ராக் இசைக் கேசட்டுகள் கொண்டுவந்தான். அட்டையில் எலும்புக்கூடு, நெருப்பு, படிக்க முடியாத எழுத்து. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலைவலிதான் வந்தது. டோமினிக் டேப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் திருப்பிப் போட்டான். "இந்த ஆளுக யாரையும் சமாதானப்படுத்தலடா" என்றான். அதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் எப்போதும் யாரையாவது சமாதானப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்த பிள்ளை அவன்.

ஜாபரின் மாமாவுக்குத் தோல் மண்டி இருந்தது. உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல்களுக்கு நடுவில்தான் எங்கள் ஒத்திகை. நாற்றத்துக்குப் பயந்து ஆள் வராது. சத்தத்துக்கும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். டோமினிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். ஜாபர் டிரம்ஸ். எனக்கு பேஸ் கிட்டார். நாலு கம்பிதான், நீ சமாளிச்சுக்குவ என்று சொல்லி அவன் என் கையில் கொடுத்தது. ஒத்திகை சூடுபிடிக்கும் நேரத்தில் தவறாமல் மின்சாரம் போகும். அதையே குழுவுக்குப் பேராக வைத்தோம்: 'பவர் கட்'. நாங்கள் நன்றாக வாசித்தோமா என்று பிற்காலத்தில் யாரோ கேட்டபோது டோமினிக் யோசித்துச் சொன்னான்: "சுமாருதான். ஜாபர் கொஞ்சம் முந்துவான், ராசு கொஞ்சம் பிந்துவான். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருப்பேன்." இதைவிடச் சரியாக யாரும் எங்களை விமர்சித்ததில்லை.

நாங்கள் மேடையேறிய அந்த ஒரே நிகழ்ச்சி வேடசந்தூர் சாலையில் உள்ள ஒரு சிற்றூரின் திருவிழாவில் நடந்தது. படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம். விழாவுக்கு வழக்கமாக வரும் மெல்லிசைக் குழு கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. டோமினிக் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தான். "என்ன பாட்டு தம்பி?" என்று அவர் கேட்க, "வெஸ்டர்ன் மியூசிக் ஃபாதர், இங்கிலீஷ் பாட்டு" என்றான். பொய்யில்லை. அவர் நான்கு குரலில் பாடும் கிறிஸ்துமஸ் பாடல்களை நினைத்துக்கொண்டார். "நல்லது, நம்ம சனமும் கேக்கட்டும்" என்று சொல்லி, அமலதாஸ் சாரிடமும் மகனைப் புகழ்ந்திருக்கிறார். சார் அன்று மாலை கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி சட்டையில் வந்து முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர். அந்தப் பள்ளியில் ஆய்வகத்தில் ஒரு வேலைக்காக சார் மகனுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். மேடையின் பின்புறத்திலிருந்து அவர்களைப் பார்த்த நான், "மாப்ள, வேண்டாம்டா. ரெண்டு மாதா பாட்டு வாசிச்சிட்டு இறங்கிருவோம்" என்றேன். அவன் கம்பியை முறுக்கிச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். "மாதா பாட்டு எனக்கு வாசிக்கத் தெரியாதேடா" என்றான்.

ஒலிபெருக்கிக்கு செல்லையா அண்ணன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், திருவிழா என்று அந்த வட்டாரம் முழுக்க அவர் குழாய்தான் பேசும். மேடைக்கு வலப்பக்கம் தரையில் பெரிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சவுக்குக் கம்போடு கட்டிக்கொண்டிருந்தார். டோமினிக் இன்னும் உயரமாக அடுக்கச் சொன்னான்.

"ரெண்டுக்கு மேல ஏத்துனா ஆடும் தம்பி. இது உழுத காடு, எளகிக் கெடக்கு."

"அண்ணே, இது மெல்லிசை இல்லண்ணே. கேக்குறவன் மேல வந்து முட்டணும்."

"எம்புட்டுச் சத்தந்தான்யா வேணும் உனக்கு?"

"உங்ககிட்ட இருக்கிற அம்புட்டும்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது பெட்டியை ஏற்றினார். டோமினிக் பார்த்த பார்வையில் நான்காவதையும் ஏற்றினார். இதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இந்தக் கதையில் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டோமினிக் என்னை மன்னிக்கமாட்டான்.

பொழுது சாய்ந்த நேரத்தில் தொடங்கினோம். பாய் விரித்து உட்கார்ந்திருந்த சனம் முதல் அடியிலேயே ஆடிப்போய்விட்டது. குழந்தைகள் வீறிட்டன. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார், "யோவ் செல்லையா, மைக்கு கெட்டுப்போச்சுய்யா, நிறுத்தச் சொல்லு!" தன் கருவிக்கு இப்படி ஒரு பேர் வருவதைத் தாங்காமல் அண்ணன் ஓடிவந்து, கரகரப்பைக் குறைக்கத் திருகினார். டோமினிக் பாடிக்கொண்டே குனிந்து மறுபடியும் கூட்டினான். அவர் குறைக்க, இவன் கூட்ட, முதல் பாட்டு இப்படியே போயிற்று. இரண்டாவது பாட்டில் "சினிமா பாட்டுப் போடுங்கடா" என்று கூச்சல். ஒரு செருப்பு பறந்து வந்தது. ஜாபர் குனிந்துகொண்டு தாளத்தை விடாமல் அடித்தான். முதல் வரிசையில் அமலதாஸ் சார் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி அப்போதே காலி.

மூன்றாவதாக எங்கள் சொந்தப் பாட்டு. டோமினிக் தமிழில் எழுதியது. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. 'சங்கு ஊதுது, எந்திரி. பஸ்ஸு போயிரும், எந்திரி' என்கிற இரண்டு வரியை அடித்தொண்டையில் திரும்பத் திரும்பக் கத்துவான். வலப்பக்கம், பெட்டிகளுக்குச் சற்று முன்னால், மில்லில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லாருக்கும். அவன் 'பஸ்ஸு போயிரும்' என்று கத்தியதும் அந்தப் பிள்ளைகள் கும்பலாக "எந்திரி!" என்று கத்தினார்கள். அடுத்த சுற்றில் பின்னால் நின்ற மில் பையன்களும் கத்தினார்கள். கூட்டத்தில் பாதி மில்லுக்குப் போகிற ஆட்கள்தான். தினமும் விடிவதற்குள் சங்குக்குப் பயந்து எழுந்திருக்கிறவர்கள், அந்தச் சங்கையே திருப்பித் திட்டக் கிடைத்த மாதிரி கத்தினார்கள். டோமினிக் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

பையன்கள் ஆடிக்கொண்டே மேடையை நோக்கி நெருக்கினார்கள். யாரோ சவுக்குக் கம்பில் மோதினார்கள். கட்டு நெகிழ்ந்து, மேல் பெட்டி பெண்பிள்ளைகள் பக்கமாகச் சாய்வது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டோமினிக் கிட்டாரைக் கழற்றி வீசிவிட்டு மேடையிலிருந்து குதித்தான். கிட்டார் சவுக்குக் கம்பில் பட்டுக் கழுத்து முறிந்தது. அவன் இரண்டு கையாலும் பெட்டியை மேடைப் பக்கமாகத் தள்ளினான். அது திசை திரும்பி மேடை விளிம்பில் விழுந்தது. அவன் இடது கை பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அடியிலிருந்த வயர்கள் பிடுங்கிக்கொண்டு பொறி பறக்க, எல்லா விளக்கும் அணைந்தன.

கூட்டம் பார்த்தது இவ்வளவுதான்: பாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று கிட்டாரை வீசியடித்தான், கீழே பாய்ந்தான், பெட்டி விழுந்தது, இருட்டு.

இருட்டில் நானும் ஜாபரும் செல்லையா அண்ணனும் பெட்டியைத் தூக்கி அவன் கையை எடுத்தோம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிள்ளைகளுக்கு அடி கிடி பட்டுச்சா பாரு" என்றான். ஒருத்திக்கு முழங்காலில் சிராய்ப்பு. மற்றவர்கள் பயந்து ஒதுங்கியிருந்தார்கள். செல்லையா அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கட்டுனது நானு. கேட்டா என்னையத்தானே கேப்பாக. இனிமே எந்தத் திருவிழாவுக்கு என்னையக் கூப்புடுவாக?" என்று புலம்பினார். அப்போது முதல் வரிசையிலிருந்து அமலதாஸ் சாரின் குரல் கேட்டது. வகுப்பறைக் குரல், அதற்கு மைக் தேவையில்லை. "என் மகன் செஞ்ச காரியத்துக்கு நான் உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். இரண்டு முறை சொன்னார். டோமினிக் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான் எழப் போனேன். நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணன் பேரு வெளிய வரக் கூடாதுடா."

"அப்பாகிட்ட மட்டுமாவது சொல்லிருவோம்."

"வேண்டாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. நேராப் போய்க் கமிட்டியில சொல்லிருவாரு. உசரமா அடுக்கச் சொன்னது நானு. அண்ணன் எதுக்கு அனுபவிக்கணும்?"

டவுனில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மேல் கணுக்களை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் பிழைத்தது, ஆனால் மடங்காது. கிட்டார்க் கம்பியை அழுத்துகிற கை. சார் மருத்துவமனைக்கு வரவில்லை. அம்மா வந்து அழுதுவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குள் கதை முழு உருவம் பெற்றுவிட்டது. வெறிபிடித்துக் கிட்டாரை உடைத்தான், பெட்டியை எட்டி உதைத்தான், அறுந்த கம்பி விரலைச் சீவிவிட்டது. அய்யலூர்ச் சந்தையில் கருப்புக் கிடாய் வாங்கிச் சாத்தானுக்குப் படைத்துவிட்டுத்தான் மேடையேறினான் என்றுகூட ஒரு பேச்சு ஓடியது. அதைக் கேட்டபோது மட்டும் டோமினிக் கட்டுப்போட்ட கையோடு சிரித்தான். "கிடாய் வாங்குற மூஞ்சியாடா இது?" பள்ளிக்கூட வேலை போயிற்று. வேலை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

மறுவருடம் ஜாபர் எங்கிருந்தோ ஒரு பழைய கிட்டாரைப் பிடித்து, கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். இடது கையால் மீட்டி, வலது கையால் அழுத்தினால் வாசிக்கலாம் என்பது அவன் யோசனை. டோமினிக் தோல் மண்டியில் உட்கார்ந்து ஒரு மாதம் போல முயன்றான். கதையில் வருகிற மாதிரி அது கைகூடவில்லை. ஒருநாள் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மறுபடியும் முதல்லருந்தா? முடியலடா. வேற சோலியப் பாப்போம்" என்றான். கோபமில்லை, கண்ணீரில்லை. ஜாபர்தான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தான். ஐடிஐயில் எலெக்ட்ரீசியன் படிப்பு முடித்துவிட்டு, வேடசந்தூரில் ஒரு நூற்பாலையில் டோமினிக் வேலைக்குச் சேர்ந்தான்.

ஒருமுறை அந்தப் பக்கம் போனவன் மில் வாசலில் காத்திருந்தேன். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு கிழவனைப் போல வந்தான். உள்ளே சத்தம் எப்படி என்று கேட்டேன். "நம்ம ஜாபரைவிட நல்லா அடிக்குது. முந்துறதே இல்ல" என்றான். பிறகு டீ வரும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறக்காமலேயே, "ஆனா கேக்க ஆளில்லாத சத்தம்டா. மூணு ஷிப்டும் அது பாட்டுக்கு ஓடுது" என்றான். அந்த ஊரின் எத்தனையோ பேரைப் போல அவனும் அந்த மில்லுக்குள் பாதி உயிரைக் கொட்டினான். ரெஜினாவைத் திருமணம் செய்துகொண்டான். மெர்சி பிறந்தாள். அப்பாவும் மகனும் ஒரே வீட்டில், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் தேவையான வார்த்தைகளை மட்டும் பேசி வாழ்ந்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காலம் மாறியது. அந்தக் கதையே அவனுக்குப் பெருமையாகத் திரும்பி வந்தது. ஒரு பொறியியல் கல்லூரியில் பையன்கள் இசைக்குழு வைத்திருந்தார்கள். டோமினிக் 'சாரை'த் தேடிப் பிடித்து ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். முதலில் மறுத்தான். மெர்சி ஆசைப்பட்டாள் என்று ஒப்புக்கொண்டான். நானும் கூடப் போனேன். பிற்பகல் வெயிலில் அவனை மேடையேற்றி, மாலை போட்டு, ஒரு கிட்டாரைக் கையில் கொடுத்து, "அன்னைக்கு மாதிரி ஒருதடவை உடைங்க சார்" என்றார்கள். கூட்டம் முழுவதும் "உடை, உடை" என்று கூவியது. கிட்டார் பழையது, ஆனால் வாசிக்கக் கூடியதுதான். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கம்பி தளர்ந்திருந்தது. வலது கையால் ஆணியைத் திருகி, காதை அருகில் வைத்து, சுருதி சேர்த்தான். அந்தக் கூச்சலில் அவனுக்கு என்ன கேட்டதோ தெரியாது. பிறகு அதைக் கொடுத்த பையனிடமே நீட்டினான். "நல்ல கிட்டாருடா. வச்சு வாசி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். கூட்டத்துக்கு ஏமாற்றம்.

திரும்பி வரும்போது பேருந்தில் மெர்சி அவன் மடியில் தூங்கிவிட்டாள். "உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல? எத்தனை வருசம் ஆச்சு" என்றேன்.

"அண்ணன் இன்னும் குழாய் கட்டிக்கிட்டுத்தானே இருக்காரு."

"இப்ப யாருடா அவரைக் கேக்கப் போறா?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். "சொன்னா என்னைய நல்லவன்னு சொல்லுவானுக. நாலு பெட்டி அடுக்கச் சொன்னவன்டா நானு. அந்தப் பிள்ளைக தலையில விழுந்திருந்தா? கிறுக்கன்னு சொல்றதே எனக்குச் செரியா இருக்கு."

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், அமலதாஸ் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பின்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்.

"மேடையில அவன் பக்கத்துல நின்னவன் நீ. அவன் எதுக்கு அதை உடைச்சான்? என் மேல கோவமா?"

இவ்வளவு வருடமும் அவர் மனதில் இருந்தது அந்தக் கேள்விதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் அவரைப் பார்த்து உடைத்தான் என்று நினைத்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உழுத காடு, நான்கு பெட்டிகள், மில் பிள்ளைகள், செல்லையா அண்ணன். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உசரமா அடுக்கச் சொன்னது தப்பு" என்றார் முதலில்.

"ஆமா சார். அவனும் அதைத்தான் சொல்லுவான்."

"அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல சார்."

உள்ளே ரெஜினா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "நான் இருட்டுல எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டேனே" என்றார். "அது அவனுக்குக் கேட்டுச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "கேட்டுச்சு சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. "ரெஜினா, ராசுவுக்குக் காப்பி போடும்மா" என்று குரல் கொடுத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "அந்தப் பாட்டு என்ன பாட்டு? எனக்கு ஒரு எழுத்துகூட விளங்கல." நான் இரண்டு வரியையும் சொன்னேன். வகுப்பில் இலக்கணம் திருத்துகிறவரைப் போல உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "தமிழ்ப் பாட்டா?" என்றார். ரெஜினா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கடைசிச் சில வருடங்களில் டோமினிக்கை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்க்க முடிந்தது. பூசை முடிந்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக்கு வருவான். நானும் போவேன். பெரும்பாலும் பேச மாட்டோம். என் மனைவி இதைக் கேட்டுச் சிரிப்பாள், பேசாமல் இருப்பதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று. அவனிடம் சொன்னேன். "பேசாம இருக்கிறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல" என்றான்.

போன கோடையில் எனக்குக் கெட்ட காலம். அம்மா படுக்கையில் விழுந்து, கிணறு வற்றி, சங்கத்தில் தினமும் யாரிடமாவது வசவு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு அவனிடம், "முடியலடா" என்று மட்டும் சொன்னேன். என்ன, ஏது என்று அவன் கேட்கவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றோ, தைரியமாக இரு என்றோ சொல்லவில்லை. கடைக்காரர் பெஞ்சை எடுத்துவைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அன்று மதியம் அவனுக்கும் ஷிப்டு இருந்தது. அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. எழுந்திருக்கும்போது என் தோளில் அந்தக் கையை வைத்து, "வீட்டுக்குப் போ. போய்ச் செத்த நேரம் படு" என்றான். போய்ப் படுத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் தூங்கினேன்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். சங்கத்தில் வரிசையில் நிற்கிறவர்களில் சிலர் எதற்கென்று இல்லாமல் கத்துவார்கள். முன்பு நானும் பதிலுக்குக் கத்துவேன். இப்போது அந்த முகத்தைக் கொஞ்சம் பார்க்கிறேன். கத்துகிறவர் களைத்துப் போனவர் என்று தெரிந்தால், மூட்டை வரும்வரை உள்ளே வந்து உட்காரச் சொல்கிறேன். காரணம் கேட்பதில்லை.